கரடிக்குட்டி கரை சேர்ந்ததா?

பின்னேரம் இரண்டு மணி, மாத்தளை பஸ் நிலையம். ரத்தோட்டை பஸ்ஸின் கூரையில் புரொஜெக்டரையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக் கட்டுவதற்குள் ஹனீபா நானாவின் சட்டை நனைந்துவிட்டது. படம் ஓட்டுவது அவர் தொழில். ஜப்பான் பாஷை தெரியாத சனத்துக்குப் படம் ஓட ஓடக் கதை சொல்வது என் வேலை. ஆளுக்கு நாற்பது சதம், சாமானுக்கு ஒரு ரூபாய் என்றார் கண்டக்டர்.

படங்கள் கொழும்பில் தையல் மெஷின் விற்கும் ஜப்பான்காரர் ஒருவர் இரவல் தந்தவை. "ஒருக்கா போட்டுப் பாத்துட்டுப் போவோம் தம்பி" என்று நானா காலையிலேயே சொன்னார். "கார்ட்டூனுக்கு என்னத்துக்கு நானா ஒத்திகை?" என்று கேட்டுவிட்டு டீக்கடையில் கதையளக்கப் போய்விட்டேன்.

ரத்தோட்டை ஏழெட்டு மைல். அங்கிருந்து ரிவர்ஸ்டன் பாதையில் தேயிலைத் தோட்டத்து லொறி எங்களை நாலு மைல் மேலே ஏற்றிவிட்டது. வளைவுக்கு வளைவு பனிமூட்டம். இறங்கும்போது பக்கத்தில் நின்ற நானாவின் முகமே சரியாகத் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வெள்ளை வேட்டிகளைத் தைத்துத் திரை கட்டினோம். எங்களுக்குத் தங்க இடம் கொடுத்த ரோசம்மா அக்கா பால் விடாத சாயத்தண்ணி கொண்டுவந்தார்.

"என்ன படம் தம்பி?"

"பொம்மைப் படம் அக்கா. சிரிச்சிட்டுப் போகலாம்."

"சிரிச்சு நாளாச்சு. மகளுக்கு இந்தியாவுக்குப் போகச் சொல்லிப் பேர் வந்து, குடும்பத்தோட கப்பலேறி ஒரு மாசம். காயிதம் ஒன்னும் வரல்ல."

"வரும், வரும்" என்றேன். அடுத்த நிமிஷமே மறந்தும் போனேன்.

ஆறரைக்குத் தொடங்கினோம். முதல் படம் முழுக்கப் பூப்போட்ட காகிதத்தை வெட்டி வெட்டி நகர்த்திச் செய்தது. காகிதக் கொக்கு பறந்தபோது பெண்கள் "அடேயப்பா" என்றார்கள். அடுத்ததில் நரி அளவே உள்ள வளைக்கரடி ஒன்று தன் வயிற்றையே தப்புமேளமாக அடித்து ஆடியது. "நம்ம கங்காணி மாதிரி தொப்பை" என்று யாரோ சொல்ல, கங்காணியும் சேர்ந்து சிரித்தார். பிறகு ஆகாயத்தில் போகும் இரும்புக் கப்பலும் அதை ஓட்டும் தவளைகளும். ஒரே நாட்டார் செய்தவை, ஒன்றுக்கொன்று சாடையே இல்லை. நானும் விடாமல் பேசினேன். மாத்தளையில் என் பேச்சுக்குத்தான் கைதட்டுவார்கள்.

கடைசிப் படத்தில் வண்ணம் தண்ணீரில் கரைந்ததுபோல் இருந்தது. பனிக்கட்டிக் கடல், ஒரு வெள்ளைத் தாய்க்கரடி, அதன் குட்டி. பனிக்கட்டி பிளந்து குட்டி மட்டும் மிதந்து போகிறது. தாய் விளிம்பில் நிற்கிறது, குட்டி சின்னதாகிக்கொண்டே போகிறது.

"பாத்தீங்களா, அம்மா ஏச்சுக்குப் பயந்து துரை கப்பலேறிட்டாரு!" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. இருட்டிலிருந்து ரோசம்மா அக்காவின் குரல் வந்தது. "தம்பி, கொஞ்சம் பேசாம இருங்க. நாங்க பாக்கணும்."

முகம் எரிந்தது. கூட்டம் சோர்ந்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "இத நிப்பாட்டிட்டு வளைக்கரடியப் போடுங்க" என்று நானாவின் காதில் சொன்னேன். "கடைசி ரீல் இருக்கே" என்றார். "வேணாம்" என்றேன். பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள். அக்கா எழுந்து லயத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

காலை ஆறு மணி. லொறியில் ஏறப் போனபோது அக்கா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றித் தந்தார்.

"தம்பி, அந்தக் குட்டி கரை சேந்துச்சா?"

"சேந்துச்சுக்கா."

"தாயோடயா?"

"தாயோடதான்."

அவர் சிரித்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் லொறியில் ஏறினேன்.

இறக்கத்தில் வெயில் வந்ததும் கடைசி ரீலை எடுத்து, சாண் சாணாக லொறிக் கண்ணாடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குட்டி கரை சேர்ந்திருந்தது, வேறொரு கரையில். அங்கே வேறு கரடிகள். அவற்றோடு மீன் தின்று வளர்கிறது. சுருளின் கடைசிப் படங்களில் பெரிய கரடியாகக் கடலைப் பார்த்து நிற்கிறது. தாயை ஒரு படத்திலும் காணவில்லை.

"அக்காவுக்கு என்ன சொன்னீங்க?" என்றார் நானா.

சொன்னேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ரத்தோட்டையில் சாமான்களை மாத்தளை பஸ்ஸில் ஏற்றிய பிறகு சொன்னார்.

"மேல போற பஸ் பத்து மணிக்குத்தான் தம்பி."

படச்சுருள்கள் அன்றே கொழும்புக்குப் போக வேண்டியவை. நானா அவற்றோடு போக, நான் மட்டும் பத்து மணி பஸ்ஸுக்காக ரத்தோட்டையில் நின்றுகொண்டேன். தாயோடு சேரவில்லை என்று அக்காவிடம் சொல்ல வேண்டும். குட்டி வளர்ந்துவிட்டது, கடலைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது என்றும் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டக் கூடாது.