குமாரின் விரதம்

தவமணிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பஸ்ஸுக்கு நிற்கும் கொஞ்ச நேரத்திலும் கைப்பையைத் திறந்து பழைய ரசீதுகளைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருப்பாள். கோயிலில் பூசை நடக்கும்போது கண்மூடி நிற்க வேண்டியவள், பக்கத்தில் நிற்கும் யாரோ ஒரு பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிடுவாள். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கூடத்தில் இருபது வருடமாகத் தட்டு அடுக்கிவரும் கை. ஓய்வு கொடுத்தாலும் அது எடுக்காது. கணவர் இராஜரட்ணம் இருந்த காலத்தில், "உனக்குக் காலில சக்கரமடி" என்பார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சக்கரம் இன்னும் கழலவில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் மகன் திலக்சன் ஒரு பாம்பை விட்டுவிட்டுப் போனான். விமானத்தில் நாலு மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் கல்கரியில் வேலை கிடைத்தபோது, "இரண்டு மாசம்தான் அம்மா, அங்க வீடு எடுத்தவுடன வந்து கொண்டுபோறன்" என்றான். இரண்டு மாதம் இரண்டு வருடமாயிற்று. பாம்பென்றால் படையும் நடுங்கும், தவமணி எம்மாத்திரம்? முதல் கிழமை அந்த அறைக் கதவின் கீழ் இடுக்கில் துவாயைச் செருகிவிட்டுத்தான் படுத்தாள். உண்மையில் அது பரம சாது. செம்மஞ்சள் நிறம், விஷம் கிடையாது, கண்ணாடித் தொட்டியின் மூலையில் சுருண்டு கிடக்கும். குமார் என்று பெயர் வைத்தவனும் திலக்சன்தான். ஏன் குமார் என்று கேட்டால், "பாத்தா குமார் மாதிரித்தானே அம்மா இருக்கு" என்பான். பார்த்துப் பார்த்து அவளுக்கும் அப்படித்தான் பட்டது. இப்போது ஐஸ்கிரீம் டப்பாவில் உறைந்து கிடக்கும் எலியைச் சுடுதண்ணீரில் இளக்கி, இடுக்கியால் நீட்டுமளவுக்கு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாது. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் இல்லை. அது குமாருக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் அவள் பாம்பை வளர்த்தது பாம்புக்காக அல்ல. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து திலக்சன் அங்கிருந்து அவளுக்குப் போன் எடுப்பான். எடுத்ததும் குமாரைத்தான் விசாரிப்பான். குமாரில் தொடங்கிய கதை மெல்ல மெல்ல அந்த ஊர்க் குளிருக்கு, அவன் அடிப்பிடிக்க வைத்த பருப்புக்கு, அவளுடைய முழங்கால் நோவுக்கு என்று வந்து சேரும். இதே வீட்டில் இருந்தபோது "ஓம்", "இல்லை", "பிறகு" என்ற மூன்று சொல்லுக்குமேல் தாயோடு பேசியறியாதவன் அவன். போன வருடம் லண்டனில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது, பாம்பை அவனுடைய நண்பன் ஜெனோசன் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அங்கே நின்ற இரண்டு கிழமையும் மகனின் போன் வரவில்லை. ஜெனோசனுக்கு வந்ததாம். அவளாக அவனுக்கு எடுத்திருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். எடுக்கமாட்டாள். பிள்ளை வேலையில் நிற்பான், களைத்து வந்திருப்பான், இந்த மனுசி கரைச்சல் குடுக்குது என்று நினைத்துவிட்டால்? பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். ஒன்று மட்டும் அவளுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. பாம்பு இருக்கும் வரைதான் போன்.

ஊரில் நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் தேரும் தீர்த்தமும் முடியும்வரை தவமணி வீட்டில் மச்சம் புழங்காது. கடல் கடந்து வந்தும் விடாத பழக்கம். குமாரை மட்டும் என்ன செய்வது, வாயில்லாச் சீவனைப் பட்டினி போடலாமா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். இந்த வருடம் குமாரே வழிவிட்டான். கொடிக்கு முதல்நாள் நீட்டிய எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த கிழமை மனம் கேளாமல் பல்கனியில் வைத்து ஒன்றை இளக்கி நீட்டினாள்; அதையும் தொடவில்லை. தவமணிக்குப் புல்லரித்துவிட்டது. "குமாரும் விரதம்" என்று கோயிலில் நாலு பேருக்குச் சொன்னாள். ஒரு அன்ரி, போனில் இருந்த குமாரின் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தீர்த்தம் முடிந்தது. தவமணி விரதம் முடித்தாள், குமார் முடிக்கவில்லை. அதுமட்டுமா, சுருண்டு கிடந்தவனுக்கு ஓர் இடத்தில் இருப்பில்லாமல் போயிற்று. கண்ணாடியோரமாக மேலும் கீழும் ஊர்ந்தான். மூக்கால் மூடியை நெம்பினான். தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்தான். உடம்பின் பின்பாதி தடித்திருந்தது. அவன் உள்ளே அலைய, இவள் வெளியே அலைந்தாள். விளக்கைப் போட்டாள், அணைத்தாள். தொட்டியைத் துணியால் மூடினாள், மூச்சு முட்டுமோ என்று எடுத்தாள். வேலையில் நிற்கும்போதும் மனம் தொட்டிக்குள்தான் கிடந்தது.

"குமார் சாப்பிட்டவனோ அம்மா?"

"ஓம் ஓம், நல்லாச் சாப்பிட்டவன்."

வீடியோ ஒன்று அனுப்பச் சொன்னான். மாசியில் எடுத்ததை அனுப்பிவிட்டாள். உண்மையைச் சொன்னால் ஜெனோசனிடம் குடுங்கோ என்பான். பாம்பு போனால் போனும் அதன் பின்னால் போய்விடும். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். அன்றைக்கு அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

யோசித்து யோசித்து, வயிறு கட்டிவிட்டது என்று அவளே முடிவு கட்டினாள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சநேரம் விட்டால் இளகிவிடும். துணைக்கு எட்டாம் மாடி ரம்ஸியாவைக் கூப்பிட்டாள். கல்முனைக்காரி, தவமணியோடு ஒரே இடத்தில் வேலை, போக்குவரத்தும் அவளுடைய காரில்தான். வந்தவள் குளியலறை வாசலைத் தாண்டவில்லை.

"என்னைக் கிட்ட வரச் சொல்லாதீங்க அக்கா. நான் இங்கயே நிக்கன்."

தண்ணீர் நிரப்பிய பேசினுக்குள் குமார் நீந்தினான், நின்றான், உடம்பை இறுக்கினான். கைக்குழந்தைக்கு வாயு பிடித்தால் தடவுவதுபோல் வயிற்றை அமத்திவிடலாமா என்று தவமணி கையை நீட்டிய நேரம், வெள்ளையாக, நீளவாக்கில் ஏதோ ஒன்று தண்ணீரில் மிதந்தது.

வாசலில் நின்றவள்தான் முதலில் கண்டாள். "அக்கா, இவன் முட்டை போட்டிரிக்கான்."

"உது என்ன கதை பிள்ளை, குமார் ஆம்பிளையெல்லோ."

"ஆம்பிள எண்டு ஆரு பாத்த?"

ஒருவரும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. சற்று நேரத்தில் இன்னொரு முட்டை வந்தது. அதோடு நின்றுவிட்டது. வயிற்றில் மேடு மேடாக இன்னும் தெரிந்தது. அடுத்த நாள் முழுதும் முக்கிக்கொண்டே கிடந்தது அந்தச் சீவன். எலி நீட்டியதையும் விரதம் என்று ஊரெல்லாம் பறைசாற்றியதையும் நினைக்கத் தவமணிக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. ஒரு பொம்பிளை நிறைமாதத்தோடு பிள்ளைபெற இடம் தேடி அலைந்திருக்கிறாள். கூட இருந்த பொம்பிளைக்கு அது தெரியவில்லை.

"பேறு விசயத்தில கை வைக்காதீங்க அக்கா, வாங்க டொக்டரிட்ட" என்று ரம்ஸியாதான் இழுத்துக்கொண்டு போனாள். குமாரைத் தலையணை உறைக்குள் விட்டு முடிந்து, மீன் வாங்கப் போகும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துத் தவமணி மடியில் ஏந்திக்கொண்டாள். "அந்த மூடி அசைஞ்சா நான் காரை நானூற்றொண்டு ஹைவேயிலயே விட்டுட்டு இறங்கிருவன்" என்றாள் ரம்ஸியா. சொன்னாளே தவிர, அவள் ஓட்டிய வேகத்துக்கு மூடி அசையாமல் இருந்ததே புண்ணியம்.

பாம்பு பல்லியெல்லாம் பார்க்கும் மருத்துவமனை அது. டொக்டர் இளம்பெண். ஆணின் துணை இல்லாமலும் பாம்புக்கு முட்டை வரும், கோழி போடுவதில்லையா என்று சொன்னாள். வயிற்றை அமத்தாமல் விட்டது நல்லதாம். அமத்தியிருந்தால் உள்ளே கிழிந்திருக்குமாம். ஊசி போட்டாள். பார்த்துக்கொண்டு இருங்கள் என்றாள். தவமணியாவது இருப்பதாவது. காத்திருக்கும் அறையில் சஞ்சிகைகளை அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்து அளவு பார்த்து அடுக்கினாள், யாரோ ஒருவரின் நாய்க்குத் தண்ணீர் வைத்தாள். "அக்கா, ஒரு இடத்தில இரிங்க, எனக்குத் தலை சுத்துது" என்றாள் ரம்ஸியா.

பின்னேரம் டொக்டர் வெளியே வந்தாள். ஊசியால் பலனில்லை. ஒரு முட்டை வாசலில் இறுகி நிற்கிறது, மற்றவை அதன் பின்னால் நிற்கின்றன. வெட்டித்தான் எடுக்கவேண்டும், வயதான பாம்பு, தாங்காமலும் போகலாம். வேண்டாமென்றால் நோகாமல் ஒரேயடியாகத் தூங்கவைத்துவிடலாம். எப்படியென்றாலும் பாம்பு திலக்சனின் பெயரில் பதிவாகியிருக்கிறது, அவனுடைய சம்மதம் வேண்டும்.

தவமணி கார்கள் நிற்கும் இடத்துக்குப் போனாள். போனை எடுத்தாள், பைக்குள் வைத்தாள், திரும்ப எடுத்தாள். கல்கரியில் இது வேலை நேரம். அடித்தே விட்டாள்.

"அம்மா? என்ன நடந்தது? ஆருக்கு என்ன?" தாய் தானாக எடுத்து அவன் அறியான், குரல் பதறியது.

"எனக்கு ஒண்டுமில்லையப்பு. குமாருக்குத்தான்." விரதம், மாசி வீடியோ, முட்டை, கத்தி என்று ஒரே மூச்சில் கொட்டினாள்.

குமார் பெண் என்றதும் திலக்சன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "அம்மா, கோவிக்காதேங்கோ. அதுக்கும் வயசு போட்டுது. வெட்டி ஏன் வதைப்பான்? தூங்க வைக்கச் சொல்லுங்கோ. இட்ஸ் ஓகே."

இட்ஸ் ஓகே. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். தவமணிக்குக் கோபம் உச்சியில் ஏறியது. இரண்டு வருடம் வாய்க்குள் வைத்திருந்தது வெளியே வந்து விழுந்தது.

"குமார் செத்துப்போனா நீ எனக்குப் போன் எடுப்பியோ?"

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியேல்லை அம்மா" என்றான். அவனே தொடர்ந்தான். "எடுத்து என்னத்தைக் கதைக்கிறது? குமாரைக் கேட்டா மூச்சு விடாமல் கதைப்பீங்கள். உங்களைக் கேட்டா 'எனக்கென்ன, நல்லா இருக்கிறன்' எண்டு முடிச்சிடுவீங்கள். நான் வந்து இவ்வளவு காலத்தில நீங்களா எடுத்தது இண்டைக்குத்தான். அதுவும் பாம்புக்கு. சரி, குமார் செத்துப்போனா நீங்கள் எடுப்பீங்களோ?"

ஓம் என்று சொல்ல வாய் திறந்தாள். இத்தனை நாள் சொன்ன பொய்களோடு இன்னொன்றைச் சேர்க்க நாக்கு எழவில்லை.

"எனக்கும் தெரியேல்லையடா" என்றாள்.

மருத்துவமனை வாசலில் ரம்ஸியா கையை ஆட்டி, என்ன முடிவு என்று கேட்டாள்.

"அப்ப வெட்டச் சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ அம்மா" என்றான் திலக்சன். "சொல்லிப்போட்டு வைச்சிடாதேங்கோ. நான் லைன்ல நிக்கிறன்."

தவமணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே உள்ளே போய், மகன் ஓமாம் என்று டொக்டரிடம் சொன்னாள். குமாரைக் கொண்டுபோனார்கள். கதவைச் சாத்திய பிறகு, கதைக்க ஒன்றுமில்லாமலும் வைக்க மனமில்லாமலும், தாயும் மகனும் போனின் இரண்டு பக்கத்திலும் நின்றுகொண்டிருந்தார்கள்.