நீல ஒளியில் ஆஞ்சலா சின்னம்மா

அம்மாவின் தங்கை ஆஞ்சலா பஸ் கண்டக்டர். பெங்களூர் விவேக் நகரில் தனியாக இருக்கிறாள். ரிட்டயர் ஆக இன்னும் நான்கு வருடம். படிக்கட்டில் தொங்கும் பையன்களை, "முந்தே ஹோக்ரப்பா, முன்னால போங்கப்பா" என்று ஒரே குரலில் உள்ளே தள்ளிவிடுவாள்.

சிறுநீரில் ரத்தம் வந்தபோது, நின்றுபோன மாதவிலக்கு திரும்பிவிட்டதென்று நினைத்தாள். யாரிடமும் சொல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கித் தின்றாள். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வந்து அவளோடு தங்கியபோதுதான் கழிவறையில் பார்த்தேன். அதற்குள் பல மாதங்கள் ஓடியிருந்தன. ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் ஒரு கட்டி தெரிந்தது.

"ஒண்ணுதான்னா சுரண்டி எடுத்துடலாம். பரவியிருந்தா பையையே எடுக்க வேண்டி வரலாம்," என்றார் டாக்டர். எடுத்தால் வயிற்றில் துளை போட்டு, வெளியே பிளாஸ்டிக் பை மாட்டுவார்கள்.

"அதக் கட்டிக்கிட்டு பஸ்ல நிக்க முடியாதுடி," என்றாள் சின்னம்மா.

ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் ஒரு மருந்தை ஏற்றினாள். நீல ஒளி பட்டால் புற்றுநோய் இருக்கும் இடம் அந்த மருந்தால் சிவப்பாக ஒளிருமாம்.

"ஒரு மணி நேரம் அடக்கணும். முடியுமாம்மா?"

"யார்கிட்ட கேக்கற? சில்க் போர்டு சிக்னல்ல மணிக்கணக்கா பஸ்ல மாட்டினவம்மா நான்."

முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பின் என்னைக் கவுன் மாட்டி உள்ளே கூப்பிட்டார்கள். சொந்தக்காரர் ஒருவருக்குத் திரையில் காட்டுவது அந்த டாக்டரின் வழக்கம். சிறுநீர்ப்பைக்குள் விட்ட கேமராவின் சாதாரண வெளிச்சத்தில் ஒரே கட்டி, கோழிக்கொண்டை மாதிரி. சுற்றிலும் சுத்தமாக இருந்தது. டாக்டர் காலால் பெடலை மிதித்தார். திரை நீலமானது. கட்டி செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. கேமரா நகர்ந்தது. ஒன்றுமே இல்லாதது போலிருந்த இடத்தில் இன்னொரு சிவப்பு. அப்புறம் மேலே ஒன்று.

சின்னம்மா விழித்துத்தான் இருந்தாள். பச்சைத் துணி அவளுக்குத் திரையை மறைத்திருந்தது.

"எத்தன பேருடி ஏறியிருக்காங்க?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை.

"மூணு பேரு."

துணிக்குப் பின்னாலிருந்து கண்டக்டர் குரல் வந்தது.

"டிக்கெட் எடுக்காதவனுங்க. எல்லாரையும் எறக்கிவிடுங்க டாக்டர்."

மூன்றையும் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். அடுத்த வாரம் ரிப்போர்ட்டோடு உட்கார்ந்தோம்.

"மூணு இருந்தாலும் எதுவும் தசைக்குள்ள போகல. அதனால சிறுநீர்ப்பைய எடுக்க வேண்டாம். ஆனா வாரா வாரம் உள்ள மருந்து ஏத்தணும். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும்."

"டூட்டிக்குப் போலாமா?"

"கொஞ்ச நாள் போகட்டும். போலாம்."

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு போன் செய்தேன். அவள் அழுதாள். எனக்குச் சந்தோஷம்கூட வரவில்லை. சின்னம்மா செருப்பைக் கழற்றாமலே கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, சாயங்காலம் வரை தூங்கினாள்.