போளூருக்குப் போய் வந்த ரயில்

"கொழந்ததானே கேக்குது, குடுத்தா இன்னா?" என்று என்னிடம் சொன்னவர்களில் ஒருவர்கூடத் தன் வீட்டு ரேடியோவைக் குழந்தை கையில் கொடுத்தவரில்லை. ரேடியோவுக்கு உறை தைத்துப் போடுவார்கள். அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் பூ ஜாடி வைப்பார்கள். அதைத் திருகும் உரிமை வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு மட்டும்தான். சில வீடுகளில் ஷோகேஸ் இருக்கும், அதற்குள் யாரும் ஒருநாளும் டீ குடித்திராத டீ செட் இருக்கும். அப்பேர்ப்பட்ட மகான்கள்தான் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து, என் கண்ணாடி அலமாரியைப் பார்த்து, பொம்மையைப் பூட்டி வைக்கிற பைத்தியம் என்று எனக்குப் பட்டம் கட்டினார்கள்.

எழுபதுகளில் நான் மாதத்துக்கு ஒருமுறை புடவை மூட்டையோடு மெட்ராஸ் போவேன். ஆரணியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு பட்டுத் தறிகள். நெய்வது அப்பாவும் என் தங்கையும். நெய்த புடவைகளைக் கடைக்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர்கள் சொல்லும் நொட்டை எல்லாம் கேட்டுக்கொண்டு திரும்புவது என் வேலை. அந்தக் கசப்பைக் கழுவிக்கொள்ள மூர் மார்க்கெட்டுக்குப் போவேன். அங்கே பழைய சாமான் கடைகளில் பெரிய பங்களாக்களைக் காலி செய்தவர்களின் பொம்மைகள் குவிந்து கிடக்கும். சாவி கொடுத்தால் ஜால்ரா தட்டும் குரங்கு, குட்டிக்கரணம் போடும் கோமாளி, கண்ணை மூடித் திறக்கும் செல்லுலாய்டு பெண். ஒரு மழை நாளில் ரயில் கிடைத்தது. பச்சை எஞ்சின், பின்னால் இரண்டு பெட்டிகள். ஜன்னல்களில் தொப்பி வைத்த சின்னச் சின்ன முகங்களை அச்சடித்திருந்தார்கள். ஜப்பானா, ஜெர்மனியா தெரியாது, அடியில் இருந்த எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. சாவி கொடுத்துத் தரையில் விட்டால் கூடத்தை வட்டமாகச் சுற்றி வந்து நிற்கும். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை எந்தப் புடவையை விற்றும் அடைந்ததில்லை.

எனக்குக் குழந்தைகள் பிறந்ததும் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு கவலை வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதெல்லாம் தாங்குமா என்று. அவர்கள் தங்கள் பிள்ளைகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். என் மகளும் மகனும் தறி வீட்டுப் பிள்ளைகள். பாவு இழைகள் பூட்டிய தறியைச் சுற்றியே தவழ்ந்து வளர்ந்தவர்கள். ஓர் இழை அறுந்தால் என் அப்பாவின் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். எண்ணெய்க் கையோடு பட்டின் பக்கம் போகக் கூடாது என்பது பேச்சு வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். தொடக் கூடாத பொருள் கண்ணெதிரே இருந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பது எங்கள் வீட்டில் மூச்சு விடுவது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரியைத் திறப்பேன். இரண்டு பேரும் கை கழுவி, துடைத்து, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டுவார்கள். பிறகு ஆளுக்கு ஒரு பொம்மையை மடியில் வாங்கிக்கொள்வார்கள். ரயில் மட்டும் விதிவிலக்கு, அதற்கு நான்தான் சாவி கொடுப்பேன். அதன் ஸ்பிரிங் வயதானது. கடைசிச் சுற்றுக்கு முன்னால் நிறுத்தத் தெரிய வேண்டும். அப்போது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. ஒருநாளும் அவர்கள் அதைக் கேட்டு அடம்பிடித்ததில்லை. இதைப் போய்ச் சிறைச்சாலை என்று சொன்னார் என் மாமனார். அவர் வீட்டில் குழந்தைகள் மாம்பழக் கூடையைத் தொட்டால் பிரம்பு வரும்.

ஆரணியில் எனக்கு இருந்த ஒரே ஆதரவு என் தங்கை. அறுந்த பட்டு இழைகளைத் திரட்டி உருண்டையாக வைத்திருப்பாள். அதைக் கொண்டுதான் பொம்மைகளைத் துடைப்பாள். பட்டைவிட மெத்தென்ற துணி கிடையாது என்பாள். ரயில் ஒருமுறை மக்கர் பண்ணியபோது தையல் மெஷின் எண்ணெயைக் குச்சி நுனியில் தொட்டு வைத்து ஓட வைத்தவளும் அவள்தான்.

அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அதை வயது என்று சொல்ல மாட்டார்கள், ஏதோ வியாதியைப் போலக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். நடக்கச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், ஒரு கிழவி அவளுடைய பின்னலை இழுத்துச் சவுரியா என்று சோதித்தாள். எல்லாரும் கேசரி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு இவள் காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்துகொள்வாள். வழக்கத்தைவிட இழையை நெருக்கமாக அடித்து நெய்வாள்.

ஆவணி மாதத்தில் போளூரிலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு ராணிப்பேட்டையில் ஏதோ கம்பெனியில் வேலை. அவன், அவன் அம்மா, அவனுடைய அக்கா, அக்காவின் ஆறு வயதுப் பையன், இவர்களோடு தரகர். பையன் செருப்போடு உள்ளே வந்தான். நேராக அலமாரிக்குப் போய்க் கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேய்த்தான். அப்புறம் இரண்டு கையாலும் தட்டினான்.

"ரயிலு வேணும்."

"கேக்குது பாருங்க, எடுத்துக் குடுங்களேன்" என்றாள் அக்காக்காரி.

"ரொம்பப் பழசுங்க, ஒடஞ்சி பூடும்" என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தான். "தகரம்தானேங்க? ஒடஞ்சா நாங்க புதுசு ஒண்ணு வாங்கித் தரோம்." எங்கே போய் வாங்குவானாம்? போளூர் சந்தையிலா?

சரியாக அந்த நேரத்தில் என் தங்கை காபித் தட்டோடு வந்து நின்றாள். பையன் ஓலமிட ஆரம்பித்தான். மாப்பிள்ளையின் அம்மா முகத்தைச் சுளித்தாள். தரகர் தொண்டையைச் செருமினார். கதவோரம் நின்ற என் மனைவி கண்ணாலேயே என்னைக் கிள்ளினாள். "குடுத்துத் தொலடா" என்று அப்பா பல்லுக்குள் சொன்னார். ஒரு பெண்ணின் கல்யாணம் மூக்கு ஒழுகும் ஒரு பையனின் அழுகையில் வந்து தொங்குகிறது, அதைப் பார்த்து யாருக்கும் வெட்கமில்லை. எல்லாரும் என்னைத்தான் ஈனப்பிறவியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அலமாரியைத் திறந்தேன்.

பையன் ரயிலைச் சாவி தெறிக்கத் திருகி, தரையில் விட்டு, தறிக்காலில் மோதவிட்டு, மறுபடி திருகினான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் மகளும் மகனும் சுவரோரம் நின்று பார்த்தார்கள். புறப்படும்போது பையன் ரயிலைக் கீழே வைக்க மறுத்தான். அக்காக்காரி அதை அவன் கையிலிருந்து வாங்கி எங்களிடம் தருவாள் என்று நினைத்தேன். அவள் எங்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

"இருக்கட்டும் வுடுங்க. இனிமே ரெண்டு வூடும் ஒண்ணுதானே?"

அவ்வளவுதான். எங்கள் வீட்டில் தட்டு மாற்றியது போல ஆகிவிட்டது. பொம்மையை எடுத்துக்கொண்டு போனால் பெண்ணையும் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று அம்மா முடிவு கட்டினாள். மீதிக் கேசரி பக்கத்து வீடுகளுக்குப் போனது. அப்பா தெருவில் பாவு ஓட்டுகிற இடத்தில் நின்றுகொண்டு, சம்பந்தி வீட்டார் எவ்வளவு சகஜமானவர்கள் என்று தெருவுக்கே விளக்கினார். அந்த வாரம் தங்கை தறியில் பாடிக்கொண்டு நெய்தாள், நான் கேட்டேன். என் மகள் மட்டும்தான் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் பையன் கையே கழுவலையேப்பா, அவனுக்கு ஏன் குடுத்த?"

புரட்டாசி போய், ஐப்பசி வந்து, தீபாவளியும் முடிந்தது. தரகர் தனியாக வந்தார். அவர் உட்காரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளைக்குக் கண்ணமங்கலத்தில் முடித்துவிட்டார்களாம். "பொண்ணுக்கு வயசு கொஞ்சம் தூக்கலா கீதுன்றாங்க. வேற ஒண்ணும் கொற இல்லீங்க" என்று சொல்லிவிட்டு காபிக்குக் காத்திருந்தார்.

"ரயிலு?" என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அத்தப் போயி எப்டிங்க கேக்கறது? மரியாதையா இருக்குமா?"

அப்பாவும் அதையே சொன்னார். கேட்டால் கேவலம், சின்னப் புத்தி என்று ஊர் பேசும், போனது போகட்டும், தகரம். எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு இல்லாத கேவலம் கேட்கிற எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தறி நின்றது. தங்கை உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"ண்ணா, நான் வேணான்னு சொல்லிட்டாங்க இல்ல? அப்புறம் அத்த மட்டும் எதுக்கு வெச்சிகினு கீறாங்க? போய் வாங்கினு வா."

"வாய மூடு. நம்பளப் பத்தி இன்னா நெனப்பாங்க?" என்றார் அப்பா.

"என்னப் பத்தி நெனச்சத சொல்லி அனுப்பிட்டாங்களேப்பா. இன்னும் இன்னா நெனைக்கணும்?"

தரகர் காபி வராமலே எழுந்து போனார்.

மறுநாள் காலையில் போளூர் பஸ் ஏறினேன். அந்த வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தார்கள். அக்காக்காரியின் பையன் தெருவில் சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் அம்மா வெளியே வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"யாருங்க?"

"ஆரணியில இருந்து வரேங்க. ஆவணி மாசம் பொண்ணு பாக்க வந்தீங்களே."

"ஆரணியில ரெண்டு எடம் பாத்தோம். நீங்க எது, தறி வூடா, ரைஸ்மில் வூடா?"

ஆவணியிலிருந்து எங்கள் வீட்டில் சோறு பொங்குவதும் விளக்கு ஏற்றுவதும் இவர்களை நினைத்துத்தான். இவளுக்கு எங்கள் முகமே நினைவில்லை.

"தறி வூடு" என்றேன். "உங்க பேரன் எடுத்துகினு வந்த ரயில வாங்கினு போகலாம்னு வந்தேன்."

"ஒரு தகரத்துக்கா பஸ் புடிச்சி வந்தீங்க?"

"நீங்க ஒரு வாய் காபிக்கு அவ்ளோ தூரம் வந்தீங்களே."

அவள் முகம் கறுத்தது. உள்ளே திரும்பி மகளுக்குக் குரல் கொடுத்தாள். அக்காக்காரி ஒரு பிரம்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தாள். சங்கடம் கிங்கடம் எதுவும் அவளிடம் இல்லை.

"எந்த வூட்டுக்குப் போனாலும் இவனுக்கு எதனா குடுத்து அனுப்பறாங்க. எங்களுக்கும் நெனவு இல்ல. எது உங்களுதுன்னு பாத்து எடுத்துக்குங்க."

கூடை நிறைய பொம்மைகள். கொலுவில் வைக்கிற செட்டியார், தலை இல்லாமல். மணி கட்டிய பிளாஸ்டிக் கிளி. ஒரு மவுத் ஆர்கன். சாயம் போகாத பம்பரம், புதிது. யாரோ ஒரு பெண் கம்பளி நூலில் பின்னிய முயல், ஒரு காதைக் காணோம். பெண்ணுக்குப் பின்னத் தெரியும் என்று பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகவே அதை நடுக்கூடத்தில் வைத்திருப்பார்கள், எனக்குத் தெரியும். என்னைப் பொம்மைப் பைத்தியம் என்கிறார்களே, இந்தக் குடும்பத்தை என்னவென்று சொல்வது? நான் என் பொம்மை ஒவ்வொன்றும் எந்தக் கடையில், எந்த மாதத்தில் கிடைத்தது என்று சொல்வேன். இவர்களுக்கு எது எந்தப் பெண்ணின் வீட்டுப் பொருள் என்றுகூடத் தெரியாது.

எஞ்சின் அடியில் கிடந்தது. முன்பக்கம் நசுங்கி, ஒரு சக்கரம் கழன்றிருந்தது. ஒரு பெட்டி இருந்தது, இன்னொன்று இல்லை. சாவி இல்லை. தேட எனக்குப் பொறுமையில்லை. எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். தெருவில் டயர் ஓட்டிய பையன் என் கையில் இருந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் என்னைக் கண்டதும் அப்பா எழுந்து வெளியே போனார். பிள்ளைகள் இரண்டு பேரும் ஓடிப்போய்க் கை கழுவிக்கொண்டு வந்து நின்றார்கள். தங்கை தறியிலிருந்து இறங்கி வந்து துண்டைப் பிரித்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். எனக்கு மூடி மறைத்துப் பேச வராது. ரைஸ்மில் வீடா, தறி வீடா என்று கேட்டதிலிருந்து கூடை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பளி முயலைப் பற்றியும் சொன்னேன்.

அவள் பட்டு உருண்டையால் எஞ்சினின் அழுக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணுங்க வூட்ல இருந்து யாரும் வந்து கேக்கலையா?"

"கேட்டிருந்தா கூடையில ஏன் இருக்குது? எல்லாரும் மரியாத பாக்கறாங்க."

தரகர் வந்து சொன்னபோதும் அழாதவள், நசுங்கிய எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

"நாம கேட்டோம், ண்ணா" என்றாள்.