காதுகுத்துக்குக் கேட்ட லீவு

என் தங்கை மகளுக்கு ஐந்து வயதாகியும் காது குத்தவில்லை. காரணம் நான். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருக்கிற ஒரே தாய்மாமனோ ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஊரில் லாரி எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். திண்டிவனம் பைபாஸ் ஒர்க்‌ஷாப்பில் கற்றுக்கொண்ட தொழில். அங்கே அதற்கு ஆள் பற்றாக்குறை என்று ஒரு முதலாளி என்னை ஸ்பான்சர் பண்ணி வரவழைத்திருந்தார்.

ஸ்பான்சர் என்ற சொல்லை எங்கள் சொந்தக்காரர்கள் ஏதோ கோயில் அன்னதானம் போல மரியாதையாகச் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அந்த விசாவில் நான் அவரிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். அவர் வேண்டாம் என்றால் கெடு முடிவதற்குள் இன்னொரு முதலாளியைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். என் மனைவியின் விசாவும் என்னோடு சேர்ந்து போய்விடும். அதனால் ஓவர்டைமுக்கு நில் என்றால் நின்றேன், பொங்கலன்று வா என்றால் போனேன். பக்கத்தில் வேலை செய்த உள்ளூர்க்காரன் ஸ்பானரை வீசிவிட்டு முடியாது என்று போவான், மறுநாள் சிரித்துக்கொண்டே வருவான். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த தை வரை அவரிடமே தாக்குப்பிடித்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். நானும் என் மனைவியும் அந்தத் தை மாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விழுப்புரத்தில் இருக்கும் தங்கையின் மாமியாருக்கு இந்தக் கதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஏற்கெனவே தேதி குறித்து, எனக்கு லீவு கிடைக்காமல் தள்ளிப்போயிருந்தது. இந்த முறை அவரே போனைப் பிடுங்கிப் பேசினார்.

"மாமன் மடி இல்லாம எப்படி தம்பி குத்துறது? பொண்ணு ஸ்கூலுக்குப் போவுது, இன்னும் வெறும் காதோட திரிஞ்சிக்கினு இருக்குது. பாக்கறவங்க எங்களத்தான் கேக்குறாங்க."

வீடியோவில் அவர் பின்னால் நின்ற தங்கை எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததால்தான் கிளம்ப முடிவு செய்தேன்.

கூட வேலை செய்த பஞ்சாப்காரர் ஒருவர் புத்தி சொன்னார். அப்பா சீரியஸ் என்று சொல், மறுபேச்சில்லாமல் விடுவார் என்றார். சாவுக்கும் சீக்குக்கும் அங்கே லீவு உண்டு. ஆனால் குழந்தைக்கு நல்ல காரியம் பண்ணப் போகிறவன், அப்பா சாகக் கிடக்கிறார் என்று எந்த வாயால் சொல்வான்? முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். மாலில் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை, இதற்கா பிளேன் ஏறுகிறாய் என்றார். தாய்மாமன் என்றால் என்ன என்று வேறு கேட்டார். முட்டாள் மாதிரி முகமெல்லாம் பல்லாக நான் விளக்கினேன். கடைசியில், சம்பளம் கிடையாது, போய் வா என்றார்.

பெருமுக்கல் மலைக்கோயிலில் காதுகுத்து. ஏறும்போதே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள்: "எப்ப வந்த? எப்ப கெளம்புற?" மொட்டையடித்த தலையில் சந்தனத்தோடு குழந்தை என் மடியில் உட்கார்ந்து, என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி குத்தியதும் வீரிட்டாள். யாரோ வாயில் வாழைப்பழத்தைத் திணித்தார்கள். நான் வாங்கிவந்த கம்மல் அவளுக்கு அழகாக இருந்தது. அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

கீழே மண்டபத்தில் பந்திக்கு உட்காரும் முன் போனைப் பார்த்தேன். முதலாளியிடமிருந்து மெயில். வேலை குறைந்துவிட்டதாம். என் இடம் இனி தேவைப்படாதாம். ஸ்பான்சரை விலக்கிக்கொள்வதாக அரசாங்கத்துக்கும் சொல்லிவிட்டாராம். வேலை குறைந்ததா? நான் கிளம்பிய அன்று வாசல் வரை லாரி நின்றது. அவ்வளவு நாள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் கடல் தாண்டும் வரை காத்திருந்து கழுத்தை அறுத்துவிட்டார். நேரில் சொல்லத் துப்பில்லை. மெயிலுக்குக் கீழே என் மனைவியின் மெசேஜ் இருந்தது. அங்கே வாடகை வீட்டில் தனியாக இருந்தவள், காதுகுத்து போட்டோ எங்கே என்று கேட்டிருந்தாள்.

தங்கையிடம் சொன்னேன். அவள் அழுததில் பந்தி முடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதலில் வந்தவர் அவள் மாமியார்தான்.

"ஒரு காதுகுத்துக்குன்னு வேலைய உட்டுட்டு வருவாங்களா? சொல்லியிருந்தா ஒங்க பெரியப்பா மகன் மடியில வச்சி குத்தியிருப்போமே தம்பி. யாரு மடியா இருந்தா என்னா?"

இத்தனை நாள் என் உயிரை வாங்கியது இதே வாய்தானே என்று கேட்டிருப்பேன். ஆனால் தங்கை அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். அங்கே விசாவுக்காக விழுங்கினேன், இங்கே அவளுக்காக விழுங்கினேன்.

பனமலைப் பக்கம் மல்லாட்டை பயிரிடும் என் சித்தப்பா, கை கழுவிய ஈரத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கை வைத்தார். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது ஆறுதலாக வந்தாரே என்று நினைத்தேன்.

"உடுப்பா, எல்லாம் நேரம்," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப அந்த எடம் இப்ப காலியாத்தான இருக்குது? எம் பையனும் டீசல் மெக்கானிக்குதான். மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லி உடேன்."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"நாளைக்கு ஒங்க பொண்ணுக்கு ஒரு கொழந்த பொறந்து காது குத்துறப்ப அவனால வர முடியாது. பரவாயில்லையா சித்தப்பா?"

"அதெல்லாம் போன்ல பாத்துக்கலாம்பா," என்றார் சித்தப்பா. "நீ மொதல்ல நம்பர குடு."