சுவரில் இருந்த கை

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, சுவரிலிருந்த கை அச்சைக் கழற்றி மேசையில் குப்புற வைத்தேன். அப்புறம்தான் முகம் கழுவினேன்.

அருள்மேரி அக்கா போய்விட்டார்... நேற்று கெங்குவார்பட்டியில் அடக்கம்.

தேனி நண்பர்கள் பலருக்கு அக்காவைத் தெரியும். குழந்தைகளின் கை, கால் தடத்தை ஈர மண்ணில் எடுத்து, சூளையில் சுட்டு, கிளேஸ் போட்டு, ஃபிரேமில் தருவாரே, அவர்தான். அந்த அச்சுகளில் பெயரும் தேதியும் எழுதுகிறவள் நான்.

பிறந்த குழந்தை லேசில் கையை விரிக்காது. அக்கா புறங்கையை ஒற்றை விரலால் நீவிவிடுவார், பிடி தானாகத் திறக்கும். சுற்றி நிற்கும் அப்பாக்களும் தங்களை அறியாமல் கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்த்து நாங்கள் இருவரும் ரகசியமாகச் சிரிப்போம்.

அவரிடம் வேலைக்குச் சேருவதற்கு முன்பே பழக்கம். ஒரே தெரு. என் கணவர் செல்வத்தை டாக்டர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்ன பிறகு, அக்காவே மண் பலகையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். செல்வத்தின் வலது கை, பக்கத்திலேயே எங்கள் மகளின் கால். அப்போது அவள் கைக்குழந்தை.

"என்னக்கா, ரேகையெல்லாம் வாங்குறீக... எங்கிட்டச் சொத்து ஒண்ணும் இல்லையே" என்றார் செல்வம்.

"இந்தா கெடக்குல்ல சொத்து" என்று அக்கா மகளின் காலைப் பிடித்து மண்ணில் அழுத்தினார். செல்வம் சிரித்ததில் கை நகர்ந்து, சுண்டுவிரல் தடம் கொஞ்சம் இழுபட்டுவிட்டது. அக்கா அதைத் திருத்தவில்லை. சிரித்த கை, அப்படியே இருக்கட்டும் என்றார்.

அடுத்த வாரம் செல்வம் இல்லை.

துக்க வீட்டில் ஒருநாள் காலை அக்கா வந்தார். "நீ செத்த படு தாயி, பிள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்று மகளைத் தூக்கிக்கொண்டு போனார். மதியம் திரும்பக் கொண்டுவந்தபோது அவள் கால்விரல் இடுக்கில் மண். கடையில் விளையாடினாள் என்றார்.

அன்று நான் தூங்கினேன். அந்த ஒரு தூக்கத்துக்காகவே அவரை மறக்கக்கூடாது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்...

அச்சு வீட்டுக்கு வந்தபோது கை சின்னதாகத் தெரிந்தது. கேட்டேன். "சுட்டா மண்ணு சுருங்கும்ல" என்றார். சுண்டுவிரலில் அந்த இழுப்பும் இல்லை. ஃபினிஷிங்கில் போய்விட்டதாம்.

மண் சுருங்கும் என்பது பொய் இல்லை. பிறகு அவரிடம் வேலைக்குச் சேர்ந்து, வருகிற குடும்பங்களுக்கெல்லாம் நானே அதைத்தான் சொன்னேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார்.

தினமும் அந்தக் கையில் என் கையை வைத்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன். மகள் பரீட்சைக்குக் கிளம்பும்போது வைப்பாள்.

நேற்று கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் அக்காவின் கணவர் சேவியர் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் வலது கையை நீட்டினார். ஆறுதலுக்குப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்து நானும் பிடித்துக்கொண்டேன்.

"ஒன் வீட்டுச் செவத்துல இருக்கது இந்தக் கைதான் தங்கச்சி" என்றார்.

செல்வத்தின் அச்சு சூளையில் வெடித்துவிட்டது. கருமாதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று, மண் சரியாகக் காயும் முன்பே அக்கா சூளையில் வைத்துவிட்டார். அப்புறம் புது மண்ணில் அண்ணனின் கை. அன்று மகளைத் தூக்கிப்போனது, பக்கத்தில் அவள் காலை மறுபடி பதிக்கத்தான்.

அந்தக் கால் மட்டும் நிஜம்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே..."

"சொல்லத்தான் வந்தா. நீ கெடந்த கெடையப் பாத்துட்டு வாயத் தொறக்காமத் திரும்பிட்டா. அதுக்கப்புறம் எங்கிட்டுச் சொல்ல?"

அதற்கப்புறம் எத்தனை மதியம் ஒரே டிபன் பாக்ஸில் சோறு பங்கிட்டிருக்கிறோம். அந்தக் கையைப் பற்றி எத்தனை தடவை அவரிடம் பேசியிருப்பேன். ஒரு தடவை... ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவார். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன். நான் காலையில் தொட்டது யாருடைய உள்ளங்கை என்று அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான்...

உங்களில் பலர் வீட்டிலும் அக்கா செய்த அச்சு இருக்கும். எங்களுடையதும் இப்படியா என்று கேட்பீர்கள். அண்ணனிடம் நானும் அதைக் கேட்டேன். வேறு யாருக்கும் அப்படிச் செய்யவில்லை என்று சத்தியம் செய்தார். நம்பத்தான் பார்க்கிறேன். நேற்றுவரை என்றால் உடனே நம்பியிருப்பேன்.

வெடித்ததில் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறதாம். அந்த இழுபட்ட சுண்டுவிரல். தூக்கிப்போட மனசு வராமல், அக்கா அதைத் துணியில் சுற்றிக் கடையின் மேல்தட்டில் வைத்திருந்தாராம். நான் தினமும் பேனாவும் பிரஷ்ஷும் எடுக்கும் தட்டுக்கு மேலே.

மேசையில் கவிழ்ந்து கிடப்பதை என்ன செய்வதென்று தெரியவில்லை. உடைக்கவும் முடியாது, அதில் மகளின் கால் இருக்கிறது. காலையில் கிளம்பிய அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெறும் ஆணியைப் பார்ப்பாள். ஃபிரேம் துடைக்க எடுத்தேன் என்று இன்றைக்குச் சொல்லிச் சமாளிப்பேன்.

அவள் ஃபேஸ்புக்கில் இல்லை. தெரிந்தவர்கள் யாரும் எனக்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

போய் வாருங்கள் அக்கா. உங்கள் மேல் கோபம் தீரவில்லை. மாலை போட்டபோது எனக்கு எதுவும் தெரியாது, அந்த மாலை மட்டும் உங்களுக்கே.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சாவி வாங்கி, மகளைக் கடைக்குக் கூட்டிப்போகப் போகிறேன். இன்னும் அண்ணனுக்கும் சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அங்கே வைத்தே சொல்லிவிடுவேன்.

அந்தத் துணியை நான் தொட மாட்டேன். அவள் பிரிக்கட்டும்.