பெரிய டாக்டரையே நிறுத்திய நர்ஸ்

நெல்லித்தோப்பில் வசிக்கும் எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். சர்க்கரை நோயாளியான என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன். புண்ணில் கிருமி தொற்றினால் ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் பெரிய டாக்டர் மூன்று நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே என் மனைவியின் புண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரிக்க வந்தார். கை கழுவாமல் எத்தனை பேரைத் தொட்டார் என்று எண்ணிக்கொண்டிருந்த நான், கோபித்துக்கொள்வாரே என்று வாய் திறக்கவில்லை. எல்லோரும் கை கழுவுகிறார்களா என்று கவனிப்பதற்கென்றே அந்த வார்டில் இருந்த நர்ஸ் குறுக்கே வந்தார்.

"சார், இன்னும் கை கழுவல."

"அட, ஆமாம்மா! நல்லவேளை சொன்ன" என்று டாக்டர் குழாயடிக்குப் போனார்.

நிம்மதியில் மனைவியின் போர்வையைச் சரிசெய்யக் கை நீட்டினேன்.

"தாத்தா, இப்பதான செருப்பத் தூக்கி ஓரமா வச்சீங்க? நீங்களும் போங்க!"

"வாங்க ஐயா, எனக்குப் பின்னாடி நில்லுங்க" என்று சிரித்தார் டாக்டர்.

புண் நல்லபடியாக ஆறியது. இப்போது வீட்டுக்கு ஊசி போட வருபவரிடம், "கை கழுவிட்டியாம்மா?" என்று தயங்காமல் கேட்கிறேன். என் கையைக் கழுவிவிட்டுத்தான் கேட்கிறேன்.