தங்கப் பெயிண்ட் அடித்த மணி

ஜைனப் கருவியை வெளியே எடுத்தாலே யாராவது கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நீட்டுவார்கள். "இது 916 தங்கம்தானா, பாத்துச் சொல்லேன்." தெம்பனிஸில் இருக்கும் அவள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள்கூட விடுவதில்லை. பழைய உலோகப் பொருள்களில் என்னென்ன கலந்திருக்கிறது என்று, துப்பாக்கி போன்ற கையடக்க எக்ஸ்-ரே கருவியால் பார்த்துச் சொல்வது அவள் வேலை. கீறவோ வெட்டவோ வேண்டாம். ஆனால் கருவி மேற்பரப்பைத்தான் பார்க்கும் என்று எத்தனை வருடமாகச் சொல்லியும் ஒருவர் காதிலும் ஏறியதில்லை.

சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு தேவாலயத்தில் மணி விரிசல் விட்டிருந்தது. செம்போடு வெள்ளீயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாமல் ஒட்டவைக்க மாட்டோம் என்றார்கள் மணி வார்க்கும் வார்ப்படக்காரர்கள். செயலாளர் இயேசுதாசனிடம் ஜைனப் போனிலேயே கெஞ்சினாள்: "அங்கிள், நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க. தூசிகூடத் தட்டாதீங்க."

அவள் போனபோது, இறக்கிவைத்த மணி தகதகவென்று மின்னியது. பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது.

"வாங்கம்மா. நீங்க வர்றீங்கன்னு நேத்தே பாலிஷ் போட்டு, கோல்டு ஸ்ப்ரே அடிச்சுட்டோம். எப்படி இருக்கு?"

ஜைனபுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அந்தத் தங்கப் பெயிண்டே பித்தளைத் தூள்தான். எங்கே வைத்து அழுத்தினாலும் செம்பும் துத்தநாகமும் ஏறிக்கொண்டு வந்தன. வெள்ளீயத்துக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு அளவு காட்டியது. உள்பக்கத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

"நகம் அளவுக்குப் பெயிண்ட்ட எடுத்துட்டா போதும் அங்கிள்."

"ஞாயித்துக்கிழமை திருவிழா லா. அதுக்கப்புறம் பாக்கலாம்."

"அப்ப அதுவரைக்கும் மணிய அடிக்காதீங்க, ப்ளீஸ்."

அவர் தலையாட்டினார். திருவிழாவன்று மணியை மேலே ஏற்றி, தெருவே கேட்கும்படி அடித்தார்கள்.

மறுநாள் போன் வந்தது. விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்துவிட்டதாம். "இப்ப பெயிண்ட் இல்லாத இடம் இருக்கும்மா," என்றார் இயேசுதாசன், குரல் இறங்கி.

ஜைனப் பஸ் ஏறினாள். துண்டின் உடைந்த பக்கம் சாம்பல் வெளுப்பாக இருந்தது. கருவியை வைத்தாள். திரும்பத் திரும்ப வைத்தும் அளவு மாறவில்லை. இவ்வளவு சுத்தமான அளவு அவளுக்கு இதுவரை கிடைத்ததே இல்லை. கால் பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு வெள்ளீயம். அவ்வளவு வெள்ளீயம் கலந்தால் மணி கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

"இதைத்தான் அங்கிள் நான் அன்னிக்கே தெரிஞ்சுக்கப் பாத்தேன்."

"ஒட்டலாமாம்மா?"

"துண்டு விழாம இருந்திருந்தா ஒட்டியிருப்பாங்க. இப்ப தெரியல."

வார்ப்படக்காரர்கள் ஒரே வரியில் பதில் அனுப்பினார்கள்: ஒட்ட முடியாது, உருக்கி வேறு மணி வார்க்கலாம். மத்தியானச் சாப்பாட்டின்போது அதைப் படித்த ஜைனப், தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனாள்.